ரிவர்ஸ் டிஎன்எஸ் மக்கர் செய்கிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஒரு ஐபி முகவரிக்கு உரிய பெயரைத் தேடித் தரும் ரிவர்ஸ் டிஎன்எஸ் பழுதானால் அந்தப் பெயரில் யாரும் புகார் கொடுப்பதில்லை. சர்வருக்குள் நுழைய நேரமாகிறது, அனுப்பிய மெயில் திரும்பி வருகிறது, டேட்டாபேஸ் இணைப்பு தொங்குகிறது என்றுதான் புகார் வரும். கேபிளில் தொடங்கி எல்லாவற்றையும் சோதித்துவிட்டுக் கடைசியில்தான் இங்கே வந்து நிற்போம். அந்தச் சுற்றைக் குறைக்கத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

## பெயரின் சொந்தக்காரர் வேறு, முகவரியின் சொந்தக்காரர் வேறு

பெயரைக் கொடுத்து முகவரி கேட்பது ஃபார்வர்ட் லுக்கப். முகவரியைக் கொடுத்துப் பெயர் கேட்பது ரிவர்ஸ் லுக்கப். ஒரே பதிவைத் திருப்பிப் படிப்பதுதான் ரிவர்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஃபார்வர்டுக்கு ஏ பதிவு, ரிவர்ஸுக்கு பிடிஆர் பதிவு. இரண்டும் வெவ்வேறு சோனில் (ஒரே நிர்வாகத்தில் உள்ள பதிவுகளின் தொகுப்பு), பெரும்பாலும் வெவ்வேறு ஆட்களின் கையில் இருக்கின்றன.

192.0.2.25 என்ற முகவரிக்குப் பெயர் கேட்டால், டிஎன்எஸ் அதைத் திருப்பிப் போட்டு 25.2.0.192.இன்-அடர்.ஆர்பா என்று ஆக்கித் தேடும். டொமைன் பெயரில் பெரிய வட்டம் வலது கோடியில் இருக்கிறது, ஐபி முகவரியில் இடது கோடியில் இருக்கிறது. அதனால்தான் இந்தத் திருப்பம். இந்த மரத்தின் உச்சி, உலக அளவில் முகவரிகளைப் பங்கிடும் ஐயானாவிடம். அங்கிருந்து ஏபிநிக், ஆரின், ரைப் என்சிசி, லாக்நிக், ஆஃப்ரிநிக் ஆகிய 5 வட்டாரப் பதிவகங்களுக்கும், அவற்றிடமிருந்து இணையச் சேவை தருபவர்களுக்கும் பொறுப்பு இறங்கி வருகிறது. ஆகவே ஒரு பொது ஐபிக்கு பிடிஆர் வைக்கும் அதிகாரம், அந்த ஐபியை உங்களுக்குக் கொடுத்தவரிடம் இருக்கிறது. டொமைன் வாங்கிய இடத்தில் பிடிஆர் பதிவைச் சேர்த்துவிட்டு, பரவுவதற்கு நேரமாகும் போல என்று நாள் கணக்கில் காத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எத்தனை நாள் ஆனாலும் அது வேலை செய்யாது. உலகம் அந்த இடத்தில் வந்து கேட்பதே இல்லை.

## முதலில், அந்த ‘இல்லை’ எந்த வகை?

லினக்ஸிலோ மேக்கிலோ ‘டிக் -எக்ஸ் 192.0.2.25’ என்று அடியுங்கள். விண்டோஸில் ‘என்எஸ்லுக்கப் 192.0.2.25’. பெயர் வரவில்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டு விண்டோவை மூடிவிடாதீர்கள். ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

என்எக்ஸ்டொமைன் என்று வந்தால், கேள்வி போய்ச் சேர்ந்து ‘அப்படி ஒரு பதிவு இல்லை’ என்ற பதிலோடு திரும்பியிருக்கிறது. பாதையில் குறை இல்லை, பதிவுதான் இல்லை. செர்வ்ஃபெயில் என்றால், பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட சர்வர் படுத்திருக்கிறது, அல்லது அந்த சோனே தனக்குத் தெரியாது என்கிறது, அல்லது பதில் போலி இல்லை என்று கையொப்பம் வைத்துப் பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு தோற்றிருக்கிறது. ரெஃப்யூஸ்ட் என்றால் சர்வர் உயிரோடுதான் இருக்கிறது, உங்களுக்குப் பதில் சொல்ல அதற்கு அனுமதி இல்லை. எதுவுமே வராமல் டைம்அவுட் ஆனால், கேள்வியோ பதிலோ வழியில் தொலைகிறது. ஃபயர்வாலில் போர்ட் 53 திறந்திருக்கிறதா என்று பாருங்கள். யுடிபி மட்டும் போதாது, டிசிபியும் வேண்டும்.

இவற்றில் என்எக்ஸ்டொமைனால் தொல்லை குறைவு. பெயர் கிடையாது என்று உடனே தெரிந்தால் பெரும்பாலான மென்பொருள்கள் ஐபியை வைத்துக்கொண்டு வேலையைத் தொடரும். பதிலே வராத மௌனம்தான் ஆளைக் கொல்லும். அந்த மௌனம் முடியும் வரை எல்லாம் காத்து நிற்கும். அதனால் உங்கள் நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் பிடிஆர் வைக்க முடியாவிட்டாலும், ‘இல்லை’ என்று சட்டென்று சொல்லும் ஒரு ரிவர்ஸ் சோனாவது இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

இன்னொன்று. டிக் நேராக டிஎன்எஸ் சர்வரிடம்தான் கேட்கும், கணினியிலேயே பெயர்களை எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்க்காது. மென்பொருள்கள் பெரும்பாலும் அதையும் பார்க்கும். டிக்கில் ஒரு பதிலும் மென்பொருளில் வேறு பதிலும் வந்தால் ‘கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் 192.0.2.25’ என்று கேட்டுப் பாருங்கள். எப்போதோ யாரோ ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதிவிட்டுப் போன வரி அங்கே வெளியே வரும்.

## சர்வருக்குள் நுழைய நேரமாகிறது, நுழைந்துவிட்டால் எல்லாம் வேகம்

‘நுழைந்துவிட்டால் வேகம்’ என்ற பாதிதான் துப்பு. லைன் மெதுவாக இருந்தால் உள்ளே போன பிறகும் தட்டுகிற எழுத்து இழுத்து இழுத்துத்தான் வரும். நுழையும்போது மட்டும் தாமதம் என்றால், தொலைவிலிருந்து நுழைய விடும் எஸ்எஸ்ஹெச் சர்வர் உங்கள் ஐபிக்குப் பெயர் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கிறது என்று சந்தேகப்படலாம்.

தாமதத்தைக் கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். லினக்ஸில் டிஎன்எஸ் கேள்வி கேட்கும் பகுதியான ரிசால்வர், வேறு எதுவும் எழுதியிருக்காவிட்டால், ஒரு கேள்விக்கு 5 விநாடி காத்திருக்கும், 2 முறை கேட்கும். ஒரே ஒரு நேம்சர்வர் எழுதியிருந்து அது செத்துக் கிடந்தால் கணக்கு 10 விநாடி. அளந்தது 5, 10 என்று வந்தால் அது தற்செயல் இல்லை.

சோதனையை எங்கே செய்கிறீர்கள் என்பது முக்கியம். உங்கள் லேப்டாப்பில் டிக் அடித்துப் பார்த்துப் பயனில்லை. பெயர் கேட்பது சர்வர். ஆகவே அந்த சர்வருக்குள் போய், உங்கள் லேப்டாப்பின் ஐபிக்கு டிக் -எக்ஸ் அடியுங்கள். டைம்அவுட் ஆனால் ரிசால்வ்.கான்ஃப் ஃபைலைத் திறந்து, அதில் உள்ள ஒவ்வொரு நேம்சர்வரையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். இடம் மாற்றியபோது அணைத்த பழைய டிஎன்எஸ் சர்வர் ஒன்று முதல் வரியில் உட்கார்ந்திருப்பது சாதாரணம்.

எஸ்எஸ்ஹெச் சர்வர் கான்ஃபிக்கில் ‘யூஸ்டிஎன்எஸ் நோ’ என்று வைத்தாலும் இந்தத் தேடல் நிற்கும். 2015-இல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 6.8 முதல் அதுவே இயல்பு நிலை. ஆனால் பழைய கான்ஃபிக்கைப் பதிப்புக்குப் பதிப்பு தூக்கி வந்த இடங்களில் ‘யெஸ்’ என்று எழுதியிருக்கலாம். மாற்றும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அனுமதி விதிகளில் எங்காவது கணினிப் பெயரை வைத்து அனுமதித்திருந்தால் அவை நின்றுபோகும், ஐபிக்கு மாற்ற வேண்டும். யூஸ்டிஎன்எஸ் ஏற்கெனவே நோ என்று இருந்தும் தாமதம் தொடர்ந்தால் ஜிஎஸ்எஸ்ஏபிஐ அடையாளச் சோதனையை ஒரு முறை நிறுத்திப் பாருங்கள்.

ட்ரேஸ்ரூட், நெட்ஸ்டாட், டிசிபிடம்ப் இவை ஊர்ந்து ஊர்ந்து வரி போடுவதும் இதே கதைதான். ‘-என்’ சேர்த்தால் பெயர் தேடாது. விண்டோஸ் ட்ரேஸ்ரூட்டில் ‘-டி’. அதைச் சேர்த்ததும் வேகமானால் காரணம் உறுதி.

## என்எஸ்லுக்கப் திறந்ததும் ‘டிஃபால்ட் சர்வர்: அன்னோன்’

பார்த்தவுடன் பதற வேண்டாம். டிஎன்எஸ் சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. என்எஸ்லுக்கப் திறந்தவுடன் அந்த டிஎன்எஸ் சர்வரின் சொந்த ஐபிக்கே பெயர் கேட்கும். அதற்கு பிடிஆர் இல்லாவிட்டால் ‘அன்னோன்’. ஆக்டிவ் டைரக்டரி நிறுவும்போது ஃபார்வர்ட் சோன் தானாக வந்துவிடும், ரிவர்ஸ் சோனை நாம்தான் உருவாக்க வேண்டும். அதை மறந்த இடங்களில் இது வரும். டிஎன்எஸ் மேனேஜரில் உங்கள் சப்நெட்டுக்கு ரிவர்ஸ் சோன் உருவாக்கி, சர்வரில் ‘ஐபிகான்ஃபிக் /ரெஜிஸ்டர்டிஎன்எஸ்’ கொடுத்தால் சரி.

## மெயில் திரும்பி வருகிறது

இங்கே ரிவர்ஸ் டிஎன்எஸ் தவிர்க்க முடியாதது. மெயில் வாங்கும் சர்வர், அனுப்பும் ஐபிக்கு பிடிஆர் கேட்கும். வந்த பெயருக்கு மறுபடி ஏ பதிவு கேட்கும். அதே ஐபி திரும்பி வர வேண்டும். போய் வருகிற இந்த வட்டம் மூட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஜிமெயில் இதைக் கண்டிப்பாகவே கேட்கிறது. வட்டம் மூடாத மெயிலை 550 5.7.25 என்ற எண்ணோடு திருப்பி அனுப்பும்.

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளின் லாகில் ‘கனெக்ட் ஃப்ரம் அன்னோன்[192.0.2.25]’ என்று பார்த்தவுடன் பிடிஆர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பிடிஆர் இல்லாவிட்டாலும் அன்னோன்தான், பிடிஆர் காட்டும் பெயருக்கு ஏ பதிவு இல்லாவிட்டாலும் அன்னோன்தான், ஏ பதிவு வேறு ஐபியைக் காட்டினாலும் அன்னோன்தான். இரண்டு பக்கமும் டிக் அடித்துப் பார்த்தால் எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பிடிஆர் காட்டும் பெயர் சிநேம் பதிவாக (வேறொரு பெயருக்குத் திருப்பும் மாற்றுப்பெயர்) இருக்கக் கூடாது என்பதும் விதி. நேராக ஏ பதிவுள்ள பெயராக வையுங்கள்.

சில மெயில் போகிறது, சில திரும்புகிறது, அனுப்பும் சர்வர் ஒன்றுதான் என்றால் ஐபிவி6 பக்கம் திரும்புங்கள். ஐபிவி4 முகவரிக்கு எல்லாம் ஒழுங்காக வைத்திருப்போம். சர்வருக்கு ஐபிவி6 முகவரியும் இருக்கும், அதற்கு பிடிஆர் வைக்க மறந்திருப்போம். வாங்குபவரிடம் ஐபிவி6 இருந்தால் மெயில் அந்த வழியாகப் போய் அடி வாங்கும், இல்லாவிட்டால் ஐபிவி4 வழியாக நலமாகப் போய்ச் சேரும். திரும்பி வந்த மெயிலில் எந்த ஐபி குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று நிதானமாகப் படித்தால் இது ஒரு நிமிட வேலை. படிக்காமல் விட்டால் ஒரு வாரம் ஓடும். ஐபிவி6-க்கு பிடிஆர் வைக்க முடியாத நிலை என்றால், மெயில் சர்வரை ஐபிவி4 வழியாக மட்டும் அனுப்பும்படி வைப்பது தவறே இல்லை.

## பெயர் வருகிறது, ஆனால் வாலில் ஏதோ ஒட்டியிருக்கிறது

இதை நான் மறக்க மாட்டேன். ஒரு மெயில் சர்வருக்கு ரிவர்ஸ் சோன் நானே எழுதினேன். சோன் ஃபைலில் இருந்த வரி இது:

25 ஐஎன் பிடிஆர் மெயில்.எக்சாம்பிள்.காம்

டிக் அடித்தால் வந்த பதில் இது:

மெயில்.எக்சாம்பிள்.காம்.2.0.192.இன்-அடர்.ஆர்பா.

முதல் பாதி சரியாக இருந்ததால் கண் அதோடு நின்றுவிட்டது. பெயர் வந்துவிட்டது என்று நம்பி, மெயில் ஏன் இன்னும் திரும்புகிறது என்று ஃபயர்வாலில் ஒரு மாலைப் பொழுது முழுவதும் தேடினேன். குறை, வரியின் கடைசியில் வைக்காத ஒரு புள்ளி. சோன் ஃபைலில் புள்ளியோடு முடியாத பெயர் முழுப் பெயர் அல்ல. சர்வர் அதன் பின்னால் சோனின் பெயரை ஒட்டிவிடும். ‘மெயில்.எக்சாம்பிள்.காம்.’ என்று புள்ளியோடு எழுதினால் தீர்ந்தது. ஃபார்வர்ட் சோனில் இந்தப் புள்ளியை விடும் வாய்ப்பு குறைவு, ஏனென்றால் வலப்பக்கம் பெரும்பாலும் ஐபிதான் இருக்கும். ரிவர்ஸ் சோனில் ஒவ்வொரு வரியின் வலப்பக்கமும் பெயர், அதனால் இங்கேதான் அதிகம் விழுவோம். ‘நேம்டு-செக்சோன்’ இதைத் தவறென்று சொல்லாது, அதன் கணக்கில் அது செல்லுபடியாகும் பெயர். கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

## ஒரு தடவை புதுப் பெயர், ஒரு தடவை பழைய பெயர்

மாறி மாறி வந்தால் இரண்டு நேம்சர்வர்களிடமும் வெவ்வேறு சோன் இருக்கிறது. ஒவ்வொன்றிடமும் சோனின் தலைப்புப் பதிவான எஸ்ஓஏவைக் கேட்டு, அதில் பதிப்பைக் குறிக்கும் சீரியல் எண்ணை ஒப்பிடுங்கள். ‘டிக் +என்எஸ்சர்ச்’ எல்லாவற்றையும் ஒரே அடியில் காட்டும். முதன்மைச் சர்வரில் பதிவை மாற்றிவிட்டு சீரியலைக் கூட்ட மறந்தால் துணைச் சர்வர் எதுவும் மாறவில்லை என்று எடுத்துக்கொள்ளும்.

சீரியலைத் தேதி வடிவில் எழுதுபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. 2025061501 என்று எழுத வேண்டியதை 2052061501 என்று எழுதிவிட்டால், அப்புறம் சரியான தேதியில் எழுதும் எல்லாச் சீரியலும் அதைவிடச் சிறியது. துணைச் சர்வர் ஒன்றையும் ஏற்காது. துணைச் சர்வர் உங்கள் கையில் இருந்தால், முதன்மையில் சரியான சீரியலை வைத்துவிட்டு, துணையில் ‘ஆர்என்டிசி ரீட்ரான்ஸ்ஃபர்’ கொடுத்து முழுச் சோனையும் மறுபடி இழுக்க வைப்பதுதான் நேர்வழி.

## ஐபிக்குச் சம்பந்தமில்லாத பழைய கணினியின் பெயர் வருகிறது

கணினிகளுக்கு டிஹெச்சிபி தானாக முகவரி கொடுக்கும் நெட்வொர்க்கில் இது மிகப் பரவலான குறை. லாகில் ஒருவரின் கணினிப் பெயரைப் பார்த்து அவரிடம் போய்க் கேட்டால், அவர் அந்த நேரத்தில் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை என்பார். அவர் சொல்வது உண்மையாக இருக்கும். ஐபி கைமாறிவிட்டது, பிடிஆர் மாறவில்லை. பெயரை மட்டும் நம்பி ஒருவரைக் குறை சொல்வதற்கு முன் டிஹெச்சிபி லாகைப் பார்ப்பது நம் கடமை.

விண்டோஸ் டிஎன்எஸ்-இல் பழைய பதிவுகளைக் கூட்டித் தள்ளும் வேலைக்கு ஸ்கேவெஞ்சிங் என்று பெயர். அது இயல்பாக அணைந்தே இருக்கும். சோனிலும் சர்வரிலும் இரண்டு இடத்திலும் இயக்க வேண்டும். இயக்கிய பிறகும் நோ-ரெஃப்ரெஷ் 7 நாள், ரெஃப்ரெஷ் 7 நாள் என்ற இயல்புக் கணக்கில் ஒரு பழைய பதிவு 14 நாளாவது உயிரோடு இருக்கும். வைஃபை முகவரிகளைச் சில மணி நேரத்துக்கு மட்டும் குத்தகை கொடுக்கும் இடத்தில் இது பொருந்தவே பொருந்தாது. குத்தகைக் காலத்துக்கு ஏற்ப இரண்டையும் குறையுங்கள்.

இன்னும் ஆழமான காரணம், பதிவின் உரிமை. கணினி தானே பிடிஆர் எழுதியிருந்தால், பாதுகாப்பான அப்டேட் மட்டும் என்று வைத்த சோனில் டிஹெச்சிபி சர்வரால் அதை அழிக்க முடியாது. டிஹெச்சிபி சர்வரே எல்லாப் பதிவுகளையும் எழுதட்டும் என்று வைத்து, அதற்குத் தனியாக ஒரு சேவைக் கணக்கைக் கொடுத்தால் சிக்கல் அவிழும்.

## உள் முகவரிகளுக்கு மட்டும் ‘இல்லை’, சோன் இருந்தும்

10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகிய தனி முகவரிகளுக்கு இணையத்தில் பெயர் கிடையாது. அந்தக் கேள்விகள் வெளியே கசியக் கூடாது என்பதற்காக பைண்ட், அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருள்கள் இரண்டும் அவற்றுக்குக் காலிச் சோன்களைத் தாமாகவே வைத்துக்கொண்டு என்எக்ஸ்டொமைன் சொல்லிவிடும். டிஎன்எஸ்மாஸ்க்கில் ‘போகஸ்-பிரிவ்’ என்ற வரி அதே வேலையைச் செய்யும். உங்கள் உண்மையான ரிவர்ஸ் சோன் வேறு சர்வரில் இருந்தால், இடையில் நிற்கும் ரிசால்வர் அங்கே கேட்காமலே ‘இல்லை’ என்று சொல்லியிருக்கும். உள் சர்வரிடம் நேராகக் கேட்டால் பெயர் வருகிறது, ரிசால்வரிடம் கேட்டால் வரவில்லை என்றால் இதுதான். பைண்டில் அந்தச் சோனுக்கு ‘டிஸேபிள்-எம்ப்டி-சோன்’ கொடுத்து உள் சர்வருக்குத் திருப்புங்கள். அன்பவுண்டில் அந்த லோக்கல்-சோனை ‘நோடிஃபால்ட்’ ஆக்கிவிட்டு, உள் சர்வரைக் காட்டும் ஸ்டப் சோன் வையுங்கள். டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு இயங்கினால் ‘டொமைன்-இன்செக்யூர்’ வரியும் சேர்க்க வேண்டியிருக்கும்.

172.16.0.0/12-இல் பலர் தடுக்கி விழுகிறார்கள். அந்த /12, முகவரியில் புள்ளி இருக்கும் இடத்தில் முடியாத பிரிவு. 16.172 முதல் 31.172 வரை 16 சோன்கள் தேவை. 16.172-ஐ மட்டும் வைத்துவிட்டு 172.20-க்கு ஏன் பெயர் வரவில்லை என்று தேடினால் கிடைக்காது.

## உள்ளே பெயர் வருகிறது, வெளியே வரவில்லை

உங்களுக்கு 192.0.2.64/26 போல ஒரு சிறு துண்டு மட்டும் கொடுத்திருக்கிறார்கள், நீங்கள் உங்கள் சர்வரில் 2.0.192.இன்-அடர்.ஆர்பா என்ற முழுச் சோனையும் உருவாக்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். உங்கள் சர்வரைக் கேட்பவர்களுக்கு மட்டும் பெயர் வரும். வெளியுலகத்துக்கு அந்தச் சோன் இருப்பதே தெரியாது. அதோடு அந்தப் பிரிவில் உள்ள மற்றவர்களின் பெயர்களும் உங்கள் ஆட்களுக்கு மறைந்துவிடும். இந்த மாதிரித் துண்டுகளுக்காகவே 1998-இல் ஆர்எஃப்சி 2317 வந்தது. சேவை தருபவர் தன் சோனில் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு சிநேம் வைத்து உங்கள் துணைச் சோனுக்குத் திருப்புவார், நீங்கள் அந்தத் துணைச் சோனில் பிடிஆர் வைப்பீர்கள். துணைச் சோனின் பெயரை அவர்தான் முடிவு செய்வார், அதைக் கேட்டு எழுத்துக்கு எழுத்து அப்படியே வையுங்கள். நான்கைந்து முகவரிதான் என்றால் இந்த ஏற்பாடே வேண்டாம், பெயர்ப் பட்டியலைக் கொடுத்து அவரையே பிடிஆர் வைக்கச் சொல்லிவிடுவது நல்லது.

எங்கே அறுந்தது என்று தெரியாவிட்டால் ‘டிக் +ட்ரேஸ் -எக்ஸ்’ அடியுங்கள். உச்சியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கிக் காட்டும். கடைசியாகப் பதில் சொன்ன படிக்கு அடுத்த படியில்தான் பழுது.

## டேட்டாபேஸும் கெர்பராஸும்

மைஎஸ்கியூஎல் வெளியிலிருந்து வரும் இணைப்புக்கும் பெயர் தேடும். ‘இந்த ஹோஸ்டுக்கு அனுமதி இல்லை’ என்ற பிழையில் பெயருக்குப் பதில் ஐபி தெரிந்தால் ரிவர்ஸ் வட்டம் மூடவில்லை. ‘ஸ்கிப்_நேம்_ரிசால்வ்’ வைத்தால் தேடல் நிற்கும். பெயரை வைத்துக் கொடுத்த அனுமதிகளை அதற்கு முன்பே ஐபிக்கு மாற்றிவிடுங்கள்.

டிக்கெட் வைத்து அடையாளம் காட்டும் முறையான கெர்பராஸில், பெயர் கொடுத்தாலும் அதை ஐபியாக்கி, மறுபடி ரிவர்ஸ் தேடி, வந்த பெயருக்குத்தான் டிக்கெட் கேட்கும் பழக்கம் உண்டு. பழைய பிடிஆர் ஒன்று இருந்தால் போதும், சரியான கடவுச்சொல்லோடும் ‘சர்வர் கெர்பராஸ் டேட்டாபேஸில் இல்லை’ என்று வரும். பிடிஆரைத் திருத்துங்கள், அல்லது கிளையன்ட் கான்ஃபிக்கில் ‘ஆர்டிஎன்எஸ் = ஃபால்ஸ்’ வையுங்கள்.

## ஐபிவி6 பதிவு வைத்தும் வரவில்லை

ஐபி6.ஆர்பா மரத்தில் 32 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே புள்ளி. சுருக்கி எழுதும்போது விட்ட சுழியங்கள் எல்லாம் இங்கே வேண்டும். /64 சோன் என்றால் 16 எழுத்து சோனின் பெயரில், மீதி 16 பதிவில். கையால் எழுதவே எழுதாதீர்கள். டிக் -எக்ஸ் அடித்தால் அதன் கேள்விப் பகுதியில் முழுப் பெயரும் வரும், அதை நகலெடுத்து ஒட்டுங்கள்.

## திருத்திய பிறகும் பழைய பதில்

‘இல்லை’ என்ற பதிலையும் ரிசால்வர்கள் நினைவில் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதைச் சோனின் எஸ்ஓஏ பதிவில் கடைசியாக உள்ள எண்ணும் அந்தப் பதிவின் டிடிஎல்லும் (நினைவில் வைக்கும் கால அளவு) சேர்ந்து தீர்மானிக்கும், எது சிறியதோ அது. திருத்தியவுடன் சோதிக்க வேண்டுமென்றால் சோனை வைத்திருக்கும் சர்வரிடமே நேராகக் கேளுங்கள். அங்கே சரியாக வந்துவிட்டால் மேலும் எதையும் கிளறாமல் காத்திருங்கள். உங்கள் கணினியில் ‘ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்’ அல்லது ‘ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேஷஸ்’, பைண்ட் ரிசால்வரில் ‘ஆர்என்டிசி ஃப்ளஷ்நேம்’. அடுத்தவர்களின் ரிசால்வர் நம் கையில் இல்லை, அதன் நேரம் முடிந்ததும் அதுவே மறுபடி வந்து கேட்கும்.